இருட்டறைக் கொடி

எக்ஸ்ரே மெஷினின் காலடியில் காலையில் செத்துக் கிடந்தார் மூச்சண்ணன். "மூச்சைப் பிடிங்க... ம், விடுங்க" என்று எக்ஸ்ரே எடுக்க வந்த ஊரையே அதட்டி வாங்கின பெயர் அது. மெஷினைப் போட்டதும் கரண்ட் அடித்திருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் மதில் ஏறி விழுந்து, ஒடிந்த கையோடு இதே மேஜையில் படுத்திருக்கிறாள். கையைப் படமெடுக்க மூச்சைப் பிடிக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் பிடிக்கச் சொன்னார். அழுகை நின்றுபோனது.

துப்புரவு அக்கா பச்சைச் சேலைத் தலைப்பை வாயில் பொத்தியிருந்தாள்.

"நான்தாம்மா தரையைத் துடைச்சேன். அவர் நிக்கிற ரப்பர் விரிப்பை வெயில்ல போட்டேன். நீதான் கொன்னேங்கிறாங்க."

"ஈரம் கரண்ட்டுக்கு வழிதான் விடும்க்கா. மெஷின் மேல கரண்ட் ஏன் நின்னுச்சு? எர்த் கம்பி அதை மண்ணுக்குக் கொண்டுபோயிருக்கணுமே."

மெஷினின் முதுகிலிருந்து பச்சை எர்த் கம்பி கிளம்பி, சுவரைத் துளைத்து இருட்டறைக்குள் போனது. கொல்லையில் எர்த் குழியிலிருந்து ஏறிய பச்சைக் கம்பியும் அதே அறைக்குள் நுழைந்தது. இரு பக்கமும் பழுதில்லை.

இருட்டறையில் படம் கழுவுகிறவர், செத்தவரின் மச்சான். சிவப்பு பல்பின் கீழே முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் கட்டியிருந்த கறுப்புக் கம்பிக் கொடியில் யாருடைய விலா எலும்புகளோ காய்ந்துகொண்டிருந்தன.

"கொடி புதுசா?"

"பழசு அறுந்துபோச்சும்மா. படம் கீழ விழுந்தா மச்சான் என்னைத் தொங்கவிட்டுருவாரு. நேத்து அவர் மெஷினை நிறுத்திட்டுக் கிளம்பினதும் கட்டினேன்."

"கம்பி ஏது?"

"இங்கதான், சுவரோரமா சும்மா கிடந்துச்சு. எதுக்கும் ஆகாத கறுப்புக் கம்பின்னு நறுக்கிக்கிட்டேன்."

பின்னாலேயே வந்த அக்கா வாசலை மறைத்து நின்றாள். இன்ஸ்பெக்டரம்மா அவள் சேலையையே பார்த்தாள். அது கறுப்பாக இருந்தது.

"அக்கா, கதவை நல்லாத் திறங்க."

வெயில் உள்ளே விழுந்தது. சேலை பச்சையானது. கொடியும் பச்சையானது.

"மெஷினுக்குள்ள எந்தக் காலத்துலயோ ஒரு ஒயர் தோலுரிஞ்சிருக்கு. கசிஞ்ச கரண்ட்டை இத்தனை நாளா இந்தக் கம்பிதான் சத்தமில்லாம மண்ணுக்கு அனுப்பிட்டிருந்துச்சு. சிவப்பு வெளிச்சத்துல பச்சை கறுப்பாத் தெரியும். நீங்க நறுக்கினது எர்த்தை."

மச்சான் கொடியை அண்ணாந்து பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மார்பு அசையவில்லை.

அக்கா அவர் தோளைத் தொட்டாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தினமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"ம், விடுங்க" என்றாள்.

அவர் விட்டார். அழுகையாக வந்தது.