பொத்தான் இரண்டு மீட்டரில்

அக்காவின் சட்டைப் பொத்தான் இரண்டு மீட்டரில் கூர்மையாக நின்றது. முகம் ஒன்றே முக்கால் மீட்டரில்தான் தெளிந்தது.

தம்பி வளையத்தை மறுபடி திருப்பிப் பார்த்தான். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். வளையத்தைத் திருப்பினால், எந்தத் தூரத்தில் இருப்பது தெளிகிறதோ அந்த எண்ணை அதன் கழுத்திலேயே படித்துக்கொள்ளலாம். கேமராவிலிருந்து நாற்காலிவரை டேப் பிடித்து அளந்திருந்தான். இரண்டு மீட்டர். அக்கா நன்றாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். வெறும் கண்ணுக்கு முகமும் பொத்தானும் ஒரே கோட்டில். கால் மீட்டர் கழுத்தை நீட்ட வேண்டுமானால் அவள் கொக்காகப் பிறந்திருக்க வேண்டும்.

'லென்ஸில் கோளாறு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். நண்பர்கள் அவனைக் கூர்மை என்று கூப்பிடுவார்கள். புத்தியைச் சொல்லவில்லை.

மூன்று லென்ஸ், மூன்று கம்பெனி, ஒரே ஆள், ஒரே ஜன்னல் வெளிச்சம். எது உசத்தி என்று இணையத்தில் எழுதுவதாகச் சொல்லிக் கடைக்காரரிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். உலகம் அந்தக் கட்டுரைக்காகச் சோறு தண்ணி இல்லாமல் காத்துக்கிடக்கவில்லை. நிஜக் காரணம் அக்கா. அம்மா போய் நான்கு மாதம். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை, பேசவில்லை, அறையில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். சாப்பாட்டுத் தட்டு முழுதாக உள்ளே போகும், முக்காலாக வெளியே வரும். "ஏதாவது சின்னப் பொறுப்பு குடுத்துப் பாருங்க" என்றார் டாக்டர். ஆறுதல் சொல்லத் தெரியாத தம்பி, அசையாமல் உட்காரும் பொறுப்பைக் கொடுத்தான். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்த வீட்டில் அவனுக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். அவளை எப்படியாவது திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது லென்ஸை மாட்டினான். பழைய கிரீஸின் புளித்த வாடை விரலில் ஏறியது. மேகம் மூடிய மதிய வெளிச்சம் தரையில் நகராமல் கிடந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பைக் குலுக்கி அடங்கியதும், பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை மெல்ல இழுப்பதுபோல முனகிக்கொண்டு வளையம் திரும்புவது மட்டும் கேட்டது. கேமராவின் பின்திரையில் பத்து மடங்கு பெரிதான பொத்தான்: நான்கு துளை, நூல், நூலின் பிசிர். இரண்டு மீட்டர். கேமராவைக் கொஞ்சம் உயர்த்தினான். முகம், ஒன்றே கால்.

"என்னடா முழிக்கற?" என்றாள் அக்கா.

நான்கு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்ணுமில்லக்கா. லென்ஸ் சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அடுத்ததை மாட்டுடா."

அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம்போல நெஞ்சு இருந்தது. தன்னுடையதுதான் என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஹாலுக்கு வெளியே போய்க் கடைக்காரருக்குப் போன் செய்தான்.

"அண்ணே, சட்டைக்கு ஒரு தூரம் காட்டுது, முகத்துக்கு ஒரு தூரம் காட்டுது."

"சில லென்ஸ் அப்படித்தான்ப்பா. நடுவுல தெளியற தூரம் வேற, ஓரத்துல வேற. கண்ணாடியோட வளைவு அது. முகத்தை நடுவுல வெச்சுப் பாரு."

"வெச்சுட்டேன். ரெண்டு லென்ஸ்லயும்."

"அப்ப உங்க அக்கா முன்னாடி சாயறாங்க. அவங்க என்ன துணிக்கடை பொம்மையா? மூணாவதை மாட்டு. ரெண்டு சாட்சி உளறினா மூணாவது சாட்சியைக் கூப்பிடறதுதான்."

மூன்றாவதை மாட்டும்போது அக்கா நிறுத்தாமல் பேசினாள். கணக்குப் பரீட்சைத் தாளை அவன் மெத்தைக்கு அடியில் ஒளித்தது, மீசை வருவதற்கு முன்பே சவரம் செய்து உதட்டைக் கிழித்துக்கொண்டது, எல்லாம். சிரிக்கவும் செய்தாள். உதடு அசைந்தது நாற்காலியில். குரல் அங்கிருந்து வரவில்லை. கொஞ்சம் இப்பக்கம்.

நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அவள் எழுந்து அறைக்குப் போய்விடுவாள். கதவு சாத்திக்கொள்ளும். மறுபடி சுவர்.

நிறுத்தவில்லை.

பொத்தான், இரண்டு மீட்டர். முகம், எண்பது சென்டிமீட்டர். குறிப்பேட்டில் எழுதினான். எழுதி நிமிர்வதற்குள் மங்கியிருந்தது. திருப்பினான். எழுபது. நெற்றிக்கு அவள் தடவும் தைலத்தின் நெடி. அறுபது. அரை மீட்டர். வளையம் முட்டி நின்றது. அதற்குக் கிட்டே இந்த லென்ஸால் பார்க்க முடியாது.

திரையில் இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

பிறகு மங்கியது. அவன் வளையத்தைத் தொடவில்லை.

லென்ஸின் முன்கண்ணாடியில் ஆவி படிந்தது. வெள்ளையாக. விலகியது. மறுபடி படிந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தான்.

நாற்காலி இருந்தது. சட்டை இருந்தது. பொத்தானின் நான்கு துளையும் தெரிந்தது. மடியில் இரண்டு கை, நகம்வரை தெளிவாக. காலருக்கு மேலே மட்டும் மங்கல். சுவரைப் பார்த்துக்கொண்டே மூக்குக்கு முன்னால் விரலை நீட்டினால் விரல் எப்படிக் கரையுமோ, அப்படி.

மங்குவதெல்லாம் தூரத்தில் இருப்பதில்லை. பத்து வருடமாக ஃபோகஸ் செய்கிறவனுக்கு இது தெரியும்.

பார்க்கக் கூடாது.

கண்ணுக்கு வளையம் கிடையாது. பிடித்து நிறுத்த முடியாது. அது தானாகத் திரும்பியது. கிட்டே. இன்னும் கிட்டே. பொத்தான் கரைந்தது. நாற்காலி கரைந்தது.

தோலின் துளை. இமை. பல்.

"இப்பத் தெரியுதாடா?" அந்த மூச்சின் சூடு அவன் உதட்டின்மேல் பட்டது.

அதற்கும் பின்னால், இரண்டு மீட்டர் தள்ளி, மங்கிப்போன நாற்காலியில், இரண்டு கைகள் மடியைவிட்டு எழுந்து, காலருக்கு மேலே வெறும் காற்றைத் தடவித் தடவித் தேடின.