மூடிய கதவுக்குப் பின்னால் ஹாரூன்

அழைப்பு மணி அடித்ததும் நெய்ராதான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பருமனான ஒரு பெண்மணி, நனைந்த குடையோடு மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"ஹாரூன் இருக்கானா, கண்ணு? என் பேரு செனாதா. பேக்கரி மாடியில இருந்து அவனைப் பார்த்துப் பேசலாம்னு வந்தேன்."

நெய்ராவுக்குப் பகீரென்றது. மனநோயில் விழுந்து எழுந்தவர்கள் தாங்களே கூடி நடத்தும் இடம் அந்த மாடி. போஸ்னியாவின் அந்தச் சின்ன நகரமான த்ராவ்னிக்கின் பிள்ளைகள் அதைக் 'கிறுக்கு மாடி' என்பார்கள். உள்ளே சமையலறையில் அவளுடைய வகுப்புத் தோழி லாமியா வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்படி யாரும் இங்க இல்ல."

"ஹாரூன் உன் அண்ணன்தானே?"

"எனக்கு அண்ணனே கிடையாது!"

செனாதா அவளை ஒரு கணம் பார்த்தார். "சரி, நான்தான் வீடு மாறி வந்துட்டேன் போல" என்று படியிறங்கினார்.

அப்போது மூடியிருந்த அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. ஹாரூனுக்குக் கேட்டுவிட்டது.

வசந்தத்தில் மருத்துவமனையிலிருந்து வந்தவன், அந்த அறையைவிட்டு வெளியே வருவதில்லை. ஆனாலும் இரவுச் சாப்பாட்டுத் தட்டு காலியாகத்தான் திரும்பும். ரொட்டித் துணுக்குகளால் அதில் ஒரு கோமாளி முகம் செய்து வைத்திருப்பான், நெய்ராவுக்காக. அன்று தட்டு போனபடியே திரும்பி வந்தது.

"சூப்பு நல்லாயில்லையோ?" என்றாள் அம்மா. நெய்ரா தட்டை வாங்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் பேக்கரி மாடிக்கு ஏறினாள். பயந்துகொண்டேதான் போனாள். அங்கே இரண்டு பேர் பீன்ஸ் குழம்பில் யார் இவ்வளவு உப்பைப் போட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அட, அண்ணன் இல்லாத பொண்ணு!" என்றார் செனாதா.

நெய்ரா பொலபொலவென்று அழுதுவிட்டாள். "அவனுக்குக் கேட்டுடுச்சு, அத்தை."

"வலிச்சிருக்கும்" என்றார் செனாதா. 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. "நானும் ஒரு குளிர்காலம் பூரா கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தவதான். யாரு வந்தாலும், நான் வெளியூர் போயிட்டேன்னு என் தங்கச்சி சொல்லுவா. எல்லாம் எனக்குக் கேட்கும்."

"அவங்க மேல இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் போச்சு. ஆனா அவ அதைப் பத்தி என்கிட்ட இதுவரைக்கும் பேசினதே இல்ல. அதுதான் உறுத்துது."

நெய்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு வாங்க, அத்தை. ஆனா முதல்ல நான் பேசணும்."

செனாதாவோடு வீட்டுக்கு வந்து, அண்ணனின் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நேத்து நான் சொன்னது உனக்குக் கேட்டுதா?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "கேட்டுது" என்றான்.

"லாமியா சிரிப்பாளோன்னு பயந்து சொல்லிட்டேன். சொன்னதுலேர்ந்து எனக்கு ஒண்ணுமே பிடிக்கல. மன்னிச்சுடு, அண்ணா."

செனாதா மெல்லக் கதவருகே வந்து அமர்ந்தார். "ஏம்ப்பா ஹாரூன், அந்த ஆஸ்பத்திரியில இன்னும் அதே தண்ணி டீதான் குடுக்கறாங்களா?"

"டீயா? அது வெந்நீர்" என்றது உள்ளிருந்து குரல்.

செனாதா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்று கதவு திறக்கவில்லை. அடுத்த வாரமும் திறக்கவில்லை. ஆனாலும் செனாதா வந்துகொண்டே இருந்தார். நெய்ரா அவருக்குக் காபி போட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். சில நாள் மூவரும் பேசுவார்கள். சில நாள் யாருமே பேசமாட்டார்கள்.

முதல் பனி விழுந்த நாளில் தாழ்ப்பாள் நகர்ந்தது. தலைமுடி தோள்வரை வளர்ந்து, கண் கூச, ஹாரூன் வெளியே வந்து நின்றான்.

"இன்னும் வலிக்குதா, அண்ணா?" என்றாள் நெய்ரா.

"கொஞ்சம்" என்றான் அவன். "நகரு. நானும் உட்கார்றேன்."

நெய்ரா சட்டென்று நகர்ந்து இடம் விட்டாள்.