பதிவு பெற்ற முதுகுகள்

"என்னைவிடத் தாழ்மையுள்ளவன் இந்தச் சபையில யாருவே இருக்கா? நான்தான் முதல்ல—"

"உம்ம தாழ்மைதான் ஊர்பூராவும் சுவரொட்டியில தெரியுதே! போன வருசமும் நீரு, இந்த வருசமும் நீரா? எனக்கு முதுகு இல்லையா?"

"உம்ம முதுகு அறுபத்தெட்டு பாகைதானவே குனிஞ்சுது! என்னுது எழுபத்தொண்ணு!"

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்பில், பெரிய வியாழன் ஆராதனைக்கு முன் மூப்பர்கள் யோபுதாசனும் அருமைராஜும் இப்படி மோதிக்கொள்வது வழக்கம்தான். வாசலில் நின்ற ஞானாபரணத்துக்கு அது புதிது.

பாதம் கழுவும் சடங்கில் கழுவ ஆள் ஏராளம். கழுவப்பட ஆள் இல்லை. கழுவுகிறவனுக்குத்தான் பெயர், காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறவனை யார் படம் எடுப்பார்கள்? ஆகவே சபை ஆறு சோடிச் செயற்கைப் பாதங்களை வாங்கி வைத்திருந்தது. கணுக்காலோடு முடிந்துவிடும், அதற்கு மேலே ஆள் கிடையாது. தண்ணீர் பட்டதும் விரல்கள் நெளியும், உள்ளிருந்து ஒரு குரல், "எனக்கா ஐயா, இந்தப் பாக்கியம்?" என்று தழுதழுக்கும். முதுகு எத்தனை பாகை குனிந்தது என்று தாழ்மைமானி காட்டும். வெந்நீர்க் குழாயும் அதோடு பிணைந்ததுதான்: பதிவு பெற்ற ஒரு மூப்பரின் முதுகு குனிந்தாலொழியத் திறக்காது.

வெந்நீர் அங்கே லேசில் கிடைக்கிற பொருளல்ல. குளியலே பனிபோல் தூவும் குளிர்நீர்தான். ஆண்டுக்கு ஒருமுறை, இந்த ஆராதனைக்கென்று, ஆறு லிட்டர் அரைமணி நேரம் மட்டும் சூடாக இருக்கும்.

ஞானாபரணம் மூச்சுக்குளத்துக்காரி. குடியிருப்பு முழுதும் இழுத்துவிடுகிற காற்றைத் தரும் பாசியை, காரத் தண்ணீரில் முழங்கால்வரை நின்று கிளறுகிறவள். இடது காலில் சேற்றுப்புண் முற்றிச் சீழ் வைத்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் தப்பும், இல்லையேல் நாளைக் காலை இரண்டு விரலை எடுக்க வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருக்கே வெந்நீர் ஒதுக்கீடு கிடையாது. ஆனால் சபை வாசலில், 'வாருங்கள், உங்கள் பாதங்களைக் கழுவுகிறோம்' என்று எழுதியிருந்தது. அதை அப்படியே நம்பியவள் அந்தக் குடியிருப்பில் அவள் ஒருத்திதான்.

செருப்பைக் கழற்றிவிட்டு, செயற்பாதங்களின் வரிசையில் ஓரமாக உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"யம்மா, என்ன நாத்தம்! யாரு இது?" யோபுதாசன் மூக்கைப் பொத்தினார்.

தாழ்மைமானி இயந்திரம் மணி அடித்தது. "மெய்ப்பாதம் வந்துள்ளது. செயற்பாதங்கள் இனித் தேவையில்லை" என்று அறிவித்தது. ஆறு சோடிக் கால்களும் ஒன்றாய் உள்ளே மடங்கிக்கொண்டன. அந்த இயந்திரத்தைச் செய்தவன் எவனோ கள்ளமில்லாதவன். வேதத்தைப் படித்துவிட்டுச் செய்திருக்கிறான்.

மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீரே முதல்ல கழுவும்வே, அருமைராஜ். பாவம், போன வருசமே உமக்கு ஆசை."

"சே, சே! எழுபத்தொண்ணு பாகை எங்க, நான் எங்க! உம்ம முன்னால குனிய எனக்குத் தகுதி ஏதுவே?"

"தாழ்மைன்னா விட்டுக்கொடுக்கதுதானே. விட்டுக்கொடுத்தேன்."

"நானும் விட்டுக்கொடுத்தேன்."

"அண்ணாச்சி, யாராவது சும்மா குனிஞ்சாப் போதும்," என்றாள் ஞானாபரணம். "குழாய் திறந்துட்டா நானே கழுவிக்கிடுதேன். விரலு போச்சுன்னா குளத்துல நிக்க முடியாது. வேலையும் போயிரும்."

போதகர் ஜெபசிங் புன்னகையோடு முன்னே வந்தார். "அம்மா, இன்னைக்கு ஊழியம் செய்யிறவங்களுக்கான நாள். ஊழியம் தேவைப்படுறவங்களுக்குன்னு தனியா ஒரு நாள் வைப்போம். இப்போ மூப்பர்மார் உங்க விரலுக்காக ஜெபிப்பாங்க."

போன உயிர் வந்தது இருவருக்கும். நிமிர்ந்து நின்று, கண்ணை இறுக மூடி, ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். யோபுதாசன் ஆதாமிலிருந்து தொடங்கினார். அருமைராஜ் விடுவாரா? வெளிச்சம் உண்டாவதற்கு முன்னிருந்தே தொடங்கினார். குழாயின் மேல் சூடு காட்டும் விளக்கு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது.

ஞானாபரணம் போதகரின் அங்கியைத் தொட்டாள்.

"ஐயா, இவங்க ஆமென் சொல்லுதவரைக்கும் தண்ணி சூடா இருக்குமா?"