பாட்டுப் பெட்டியில் ஐந்து படங்கள்

கேமராவின் சின்னத் திரையில் சிவப்பு எழுத்துகள் பளிச்சிட்டன: "கார்டு இல்லை."

சித்தி கேமராவை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே சிவப்பு. பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே காலி!

"போச்சு!" தலையில் கை வைத்துக்கொண்டு படகுத்துறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற குண்டூசி சித்தியின் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஆறாம் வகுப்பில் அவளைவிட ஒல்லியாக யாரும் இல்லை. அவளைப் போல வெடுக்கென்று பேசவும் ஆள் இல்லை. அதனால் சித்தி வைத்த பட்டப்பெயர் அது.

சித்திக்கு வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், கேமராவோடு ரயிலேறிவிடுவாள். மலை, அருவி எல்லாம் அவளுக்கு அப்புறம்தான். முதலில் மனிதர்களின் முகங்கள்.

இன்றைக்கும் போருக்குப் போவதுபோலத்தான் பையைக் கட்டியிருந்தாள். மூன்று லென்ஸ், முக்காலி, ஃபிளாஷ், தூசி ஊதும் ரப்பர் பந்து, மழை உறை, மாற்று பேட்டரி, அந்த மாற்றுக்கும் ஒரு மாற்று.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன். மாப்பிள்ளையை வீட்டுல விட்டுட்டுக் கல்யாணத்துக்கு வந்த கதையா ஆயிடுச்சு" என்றாள் சித்தி.

"கார்டு எங்க சித்தி?"

"நேத்து உனக்கு நாய்க்குட்டி படமெல்லாம் காட்டினேன்ல? கம்ப்யூட்டர்லயே சொருகியிருக்கு."

"நான்தான் இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கேட்டேன்…"

"நீ பார்த்தே. எடுத்து வெச்சிருக்க வேண்டியவ நான். விடு."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். இன்று முடியாது. துறையில் நிற்கும் பயணிகள் படகை ஓட்டும் அக்காவுக்கு இந்த வேலையில் இதுதான் கடைசி நாள். நாளைக் காலை அவர் பெரிய கப்பலில் வேலைக்குச் சேரக் கிளம்புகிறார். வீடு திரும்ப ஆறு மாதம் ஆகும்.

போன வாரம் அவர்தான் சித்தியிடம் கேட்டிருந்தார்: "என் பையனுக்கு நாலு வயசு. அம்மா படகு ஓட்டுற படம் தலைமாட்டுல இருந்தாத்தான் தூங்குவேன்னு அடம் பிடிக்கிறான். எடுத்துக் குடுப்பீங்களா?"

போனில் எடுத்தால் ஆகாதா? அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. படகோட்டும் அறையைச் சுற்றிக் கண்ணாடி. வெளியே கண் கூசும் வெளிச்சம். எந்தப் போனில் எடுத்தாலும் ஆறு அழகாக விழுந்தது. அக்கா மட்டும் கரிமூட்டைபோல விழுந்தார். சித்தியின் ஃபிளாஷும் கேமராவும் இருந்தால்தான் முகமும் தெரியும், ஆறும் தெரியும்.

அக்கா படகின் மேலே இருந்து எட்டிப் பார்த்தார். "ரெடியாம்மா? இதுதான் கடைசி டிரிப். இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பணும்."

சித்தி பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் எதிரே இருந்த முடிதிருத்தும் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றது. குண்டூசி திரும்பினாள். கடைக்காரர் ஒரு கையில் கத்தரிக்கோலோடு பாட்டுப் பெட்டியிலிருந்து எதையோ உருவினார். சட்டையில் துடைத்தார். மறுபடி சொருகினார். பாட்டு வந்தது.

உருவியது நீலநிறத்தில், தபால்தலை அளவில் இருந்தது.

குண்டூசி பாய்ந்து ஓடினாள்.

"அண்ணா! அந்தக் கார்டைக் கொஞ்ச நேரம் குடுப்பீங்களா?"

"எந்தக் கார்டு? ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். படகு, கப்பல், தூங்காத பையன், கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்ட கார்டு. கடைக்காரர் தாடையைச் சொறிந்தார்.

"அந்த அக்காவுக்காகக் குடுக்கலாம். ஆனா பாட்டு இல்லேன்னா என் கை ஓடாதே பாப்பா. ஏற்கெனவே ஒருத்தர் பாதியில உட்கார்ந்திருக்காரு."

நாற்காலியில் இருந்தவர் திரும்பினார். அவருக்கு ஒருபக்க மீசை மட்டும் கத்தரித்திருந்தது. "யப்பா, இப்படியே விட்டுடாதே. வீட்டுல உள்ளே சேர்க்க மாட்டாங்க."

குண்டூசியின் கண் பாட்டுப் பெட்டியின் மேல் விழுந்தது. அதன் பக்கத்தில் ஒரு மைக் தொங்கியது. அவளுக்குள் ஒரு யோசனை. ஆனால் அந்த யோசனைக்கு ஒரு விலை இருந்தது. படகுப் பயணத்துக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

படகைப் பார்த்தாள். படியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த சித்தியைப் பார்த்தாள்.

"கார்டு திரும்பி வர்ற வரைக்கும் நான் பாடுறேன், அண்ணா. இங்கயே இருக்கேன்."

"பாடத் தெரியுமா?"

"சத்தமாப் பாடத் தெரியும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். கார்டு அவள் கைக்கு வந்தது.

சித்தி அதைக் கேமராவில் போட்டாள். சிவப்பு மறைந்தது! அடுத்த நொடியே அவள் கட்டைவிரல் பட்டனை நோக்கிப் போனது. புதுக் கார்டு போட்டால் முதலில் அதைச் சுத்தமாக அழித்துவிடுவது அவள் வழக்கம். கை தானாகவே போகும்.

"சித்தீ! நிறுத்து!" குண்டூசி விரலைப் பிடித்து இழுத்தாள். "அழிச்சா பாட்டெல்லாம் காலி!"

சித்திக்கு வியர்த்துவிட்டது. "அய்யோ… நல்லவேளை பிடிச்சே. அந்த மனுஷன் மூஞ்சியில எப்படி முழிச்சிருப்பேன்?"

ஆனால் கார்டு முழுக்கப் பாட்டு. மிச்ச இடத்தில் எத்தனை படம் பிடிக்கும்? திரையின் மூலையில் ஒரே ஓர் எண்: 5.

ஒரு நாய்க்குட்டிக்கே இருபது படம் எடுக்கிற சித்தி, அந்த ஐந்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "வா, ஏறு."

"நான் வரலை. பாடுறேன்னு சொல்லிட்டேன்."

சித்தி அவளை ஒரு கணம் பார்த்தாள். கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். படகு கிளம்பியது.

குண்டூசி மைக்கைப் பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டு, விளையாட்டுப் பாட்டு, விளம்பரப் பாட்டு எல்லாம் அவிழ்த்துவிட்டாள். குரல், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல இருந்தது. தெருநாய் ஒன்று எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

"என் மீசை பத்திரம்" என்றார் நாற்காலிக்காரர். "சிரிச்சுச் சிரிச்சு இவரு கை ஆடுது."

பாட்டுகள் தீர்ந்துபோயின. படகு இன்னும் ஆற்றின் நடுவில்தான் இருந்தது. என்ன செய்வது? ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்து ராகம் போட்டாள். "ஏழேழு நாற்பத்தொன்பதூ…" என்று இழுத்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து படகின் ஹாரன் "பாம்! பாம்!" என்று பதில் கொடுத்தது.

படகு கரைக்கு வந்ததும் சித்தி குதித்து ஓடி வந்தாள். "இங்க பாரு!"

முதல் படத்தில் அக்கா கண்ணை மூடியிருந்தார். இரண்டாவதில் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல விறைப்பு. மூன்றாவதிலும் விறைப்பு.

நான்காவது படம்!

இரண்டு கையும் சக்கரத்தில். பின்னால் ஆறு வெள்ளியாக மின்னியது. முகம் தெளிவாக இருந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்கூடச் சிரித்தது.

"எப்படி சித்தி?"

"நான் என்னென்னமோ ஜோக் சொல்லிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கலை. அப்பத் தண்ணி மேல ஒரு குரல் மிதந்து வந்துச்சு. ஏழேழு நாற்பத்தொன்பதூன்னு!"

பின்னாலேயே அக்காவும் வந்தார். சித்தி கேமராவிலிருந்து அனுப்பிய படம் அவர் போனில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, குண்டூசியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஆறு மாசம் என் பிள்ளை இந்த முகத்தைப் பார்த்துட்டுத் தூங்குவான், கண்ணு. இதை எப்பவும் மறக்க மாட்டேன்." பிறகு படகைக் காட்டினார். "இன்னும் ஒரு படம் மிச்சமிருக்காமே. வா, நாம ரெண்டு பேரும் சக்கரத்துக்கிட்ட நின்னு எடுத்துக்கலாம்."

குண்டூசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்புறம் நின்று திரும்பினாள். கடை வாசலில், காலியான பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கார்டு அண்ணாவோடது. இங்கயே எடுத்துக்கலாமா? அவரையும் சேர்த்து?"

"என்னையா?" கடைக்காரர் பதறிப்போய்த் தலையைத் தடவினார். "நான் சீவக்கூட இல்லையே!"

"சீப்பு உங்ககிட்டதானே இருக்கு!" என்றாள் குண்டூசி.

அவரை அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் குண்டூசி. மீசைக்காரர் சீப்பை எடுத்து அவருக்குத் தலை சீவிவிட்டார். அந்த நொடியில் சித்தி பட்டனை அழுத்தினாள். திரையில் 5 இருந்த இடத்தில் இப்போது 0.

"இத்தனை வருஷத்துல இந்த நாற்காலியில நான் உட்கார்ந்ததே இல்லை" என்றார் கடைக்காரர், மெல்ல.

சித்தி எல்லாப் படங்களையும் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். "கார்டுல இருக்குற படங்களை அழிச்சுத் தந்துடட்டுமா?"

"தொடாதீங்க! அது அங்கயே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு, பெரிதாக அச்சுப்போட்டுச் சட்டம் மாட்டிய ஐந்தாவது படத்தோடு இருவரும் அந்தக் கடைக்குப் போனார்கள். கப்பலிலிருந்து அக்கா சித்திக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: "பையன் நல்லாத் தூங்குறானாம். ஆனா தூங்குறதுக்கு முன்னாடி ஏழாம் வாய்ப்பாடு பாடச் சொல்லி அப்பாவைப் படுத்துறானாம்."

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலேயே ஆணி அடித்துப் படத்தை மாட்டினார். பாட்டுப் பெட்டியில் ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் பெட்டி சும்மா இருந்தது.

"என்னப்பா, ரிப்பேரா?" என்று கேட்டார் நாற்காலியில் இருந்த புது ஆள்.

கடைக்காரர் குண்டூசியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இல்ல சார். கார்டுல இப்ப எங்க அஞ்சு படமும் ஓடுது. அது முடிஞ்சதும் பாட்டு வரும்."