விற்று வாங்குதல்

அருங்காட்சியகத்தின் கதவைத் தாண்டியதும் ஆரணியின் இருமல் நின்றது.

தக்சாயினி உடனே கவனித்தாள். ஏழு மாதமாக, ஜெர்மனியின் எசன் நகரத்து வீட்டிலும் பிறகு இந்தப் பவேரிய மலைக் கிராமத்தின் மருத்துவமனையிலும், மகளின் நெஞ்சுக்குள் இரவு பகலாக இழுத்துக்கொண்டிருந்த அந்த மெல்லிய விசில் இல்லை. மெழுகும் பழைய மரமும் ஈரக் கம்பளியும் கலந்து மணத்த அந்தத் தாழ்ந்த கூரை அறையில், ஹீட்டர் குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதும் காலடியில் பலகை முனகுவதும் மட்டுமே கேட்டன. ஆறு வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு மூச்சு விட்டது.

காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். இனி மருந்து மாற்றிப் பயனில்லை. பனி கரையும்வரை பிள்ளை தாங்குவது கடினம். இரண்டு மணி நேரம் வெளியே கூட்டிப் போங்கள்.

அறையின் கோடியில் மாதா நின்றாள். ஆளுயர மரச்சிலை. முன்னால் மெழுகுதிரி இல்லை. ஒரு கயிறும், தொடாதீர்கள் என்ற அட்டையும்.

“இஞ்சரப்பா, பிள்ளையை இவவுக்கு வித்து வாங்குவமே?” என்றாள் கணவனிடம்.

ஊரில், நோய் தீராத பிள்ளையைக் கோயிலில் சாமிக்கு விற்பார்கள். ஐயர் பிள்ளையைக் கையில் வாங்குவார். பிடி அரிசிக்குப் பெற்றவளிடமே திருப்பிக் கொடுப்பார்.

சுலக்ஷன் சிரித்தான். “உமக்கென்ன விசரே? இது மியூசியம். திருப்பி ஆரிட்டை வாங்கிறது? டிக்கெட் தாற மனிசியிட்டையோ?”

“வருசா வருசம் கெவலார் கோயிலுக்குப் போய் மாதாவைக் கும்பிடேக்கை மட்டும் எங்கடை ஆளோ?”

“கும்பிடும். விக்காதையும். நான் கோட்டுகளை எடுத்துக்கொண்டு வாறன்.”

அவன் போனதும் அவள் கயிற்றைத் தாண்டினாள். ஆரணியைச் சிலையின் காலடியில் இருத்தினாள்.

“இது உன்ரை பிள்ளை.”

மூன்று தரம் சொன்னாள். மூன்றாம் தரம் குழாயில் தண்ணீர் நின்றது.

இனி வாங்க வேண்டும். கைப்பையில் அரிசி இல்லை. ஒரு பிஸ்கட் கிடந்தது. யார் கையில் கொடுப்பது? சிலையின் பாதத்தருகே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

ஆரணி பின்னால் நகர்ந்தாள். முதுகு சிலையின் மர அங்கியோடு ஒட்டியது.

“அன்ரி, நீங்கள் ஆர்?”

குரலில் கரகரப்பு இல்லை. கன்னத்தில் இரத்தம் ஊறியிருந்தது.

“அம்மா, குஞ்சு. அம்மா.”

பிள்ளை அண்ணாந்து சிலையின் முகத்தைப் பார்த்தது. “அம்மா இஞ்சை நிக்கிறா.”

இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

சுலக்ஷன் வந்தான். கையில் இரண்டு கோட்டுகள்.

“பிள்ளையின்ரை கோட்டு எங்கை?” என்றாள் தக்சாயினி.

“எந்தப் பிள்ளை?” ஆரணியைப் பார்த்தான். யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தான். “வடிவான பிள்ளை. விடும் தக்சா. தாய் தேடப்போறா.”

தோளைப் பிடித்தான். அவளைச் சமாளித்துப் பழகியவனின் பிடி.

“எங்கடை ஆரணி! பாருங்கோவன்!”

“ஓம், ஓம். வாரும்.”

மூடும் நேரமாகி, டிக்கெட் பெண் விளக்குகளை அணைத்தாள். ஒன்று. இரண்டு. கடைசி.

இருட்டு.

மூச்சு. விசில் இல்லை. இழுப்பு இல்லை. சீரான, சின்ன மூச்சு.

அதற்கு மேலே, ஆள் உயரத்தில், இன்னொன்று.