ஊசி இறங்கியது... கை தட்டுங்கள்!

"ஐயோ... என்னங்க...!"

அந்த அலறலில், கேக் வெட்டிக்கொண்டிருந்த எம்.டி.யின் கையிலிருந்து கத்தி நழுவியது.

எல்லோரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தான் அவன். கன்னத்தில் கை. எதிரே சின்ன கேமரா. மேஜையில் இரண்டு டீ கப். ஒன்று காலி. இன்னொன்று நிறைய... மேலே ஆடை கட்டியிருந்தது.

காலடியில் அவன் மனைவி. ஜில்லிட்ட கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்தால் சூடாகிவிடும் என்று யார் சொன்னார்களோ, பாவம்!

அவனுக்கு ஆபீசில் 'பம்பரம்' என்று பெயர். ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டான். காலை ஆட்டுவான், பேனாவைச் சுற்றுவான், நாற்காலியோடு சுழல்வான்.

இன்று முதல் தடவையாக நின்றுவிட்டான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். காலி கப்பைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாக வண்டல்.

"தூக்க மாத்திரை மாதிரி இருக்கு... அரைச்சுப் போட்டிருக்காங்க. அதுவும் தாராளமா! டீ கொண்டுவந்தது யாரு?"

ஒருவன் முன்னால் வந்தான். சர்க்யூட்டில் ஈயம் பற்றவைப்பவன். எப்போதும் புகைக்கு நடுவில் இருப்பதால் 'ஊதுபத்தி'.

"நான்தான் சார்... ஆனா அந்த நிறைஞ்ச கப் மட்டும்தான்! ஒப்பந்தக் கையெழுத்தெல்லாம் முடிஞ்சப்புறம் கொண்டுபோனேன். அண்ணன் தூங்குறார்னு நெனச்சேன். எழுப்ப மனசு வரல... வெச்சுட்டு வந்துட்டேன்."

"காலி கப்?"

"தெரியாது சார்!"

எம்.டி. கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்தார்.

"காலையில இவனுக்கும் பம்பரத்துக்கும் பெரிய சண்டை, இன்ஸ்பெக்டர். ஆபீஸே கேட்டுச்சு. நான் மத்தியானத்துலேர்ந்து எங்க சிப்பை வாங்க வந்த கம்பெனிக்காரங்களோட ஹால்லதான் இருந்தேன். சோதனை ஜெயிச்சு நாங்க கை தட்டினப்போ பம்பரம் நல்லாத்தான் இருந்தான். திரையில பாத்தேனே!"

"சண்டைதான் சார்! ஒரு ஒயரை மாத்திப் பத்தவெச்சுட்டேன்னு திட்டினாரு. திட்டிட்டு அவரே பிஸ்கட்டும் கொடுத்தாரு!"

"அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு. நட!"

"அக்கா... நீங்களாவது சொல்லுங்கக்கா!"

அவன் கெஞ்சியது பம்பரத்தின் மனைவியிடம். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

மெல்ல எழுந்தாள்.

"சார்... அவனை விடுங்க. என் வீட்டுக்காரர் போனது கையெழுத்துக்கு அப்புறம் இல்ல. அதுக்கு முன்னாடியே."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"ஹாலுக்கு வாங்க."

ஹாலில் ஒரு பெரிய திரை. பக்கத்தில் ஊசி வைத்த கரன்ட் மீட்டர். அந்தத் திரையைச் சோதிப்பதுதான் அவள் வேலை.

"திரைக்குப் பின்னாடி என் வீட்டுக்காரர் செஞ்ச சிப் இருக்கு. படத்துல எந்த வரி மாறுதோ, அந்த வரியை மட்டும் திருப்பி வரையும். மாறாத வரியைத் தூங்க விட்டுரும். கரன்ட் மிச்சம். படம் அசைஞ்சா ஊசி ஏறும்... அசையலேன்னா இறங்கும்."

"படம் எங்கேர்ந்து வருது?"

"அந்த ரூம் கேமராலேர்ந்து. அசையாத படத்தைக் காட்டி விக்கலாம்னு எம்.டி. சொன்னாரு. இவரு கேக்கல. 'வாங்குறவங்களுக்கு நெஜம் தெரியணும். அசையுற படம் வேணும்னா நான் இருக்கேன்'னு தானே போய் கேமரா முன்னாடி உட்காந்தாரு. நடுநடுவுல எனக்குக் கை ஆட்டுவாரு. ஊசி துள்ளும். வேலையைப் பாருங்கன்னு திட்டுவேன்..."

 மீட்டரைத் தொட்டுக் காட்டினாள்.

"மத்தியானம் ஊசி இறங்கிச்சு சார். இறங்கி... அங்கேயே நின்னுடுச்சு. தூங்குறவர் மூச்சு விட்டாலே ஊசி லேசா ஆடும்... இவ்வளவு கம்மியா நாங்க பாத்ததே இல்ல. எல்லார் கண்ணும் ஊசி மேல. படத்தை ஒருத்தரும் பாக்கல. அவரு அங்க போயிட்டிருக்காரு... இங்க நாங்க கை தட்டுறோம்!"

"அம்மா..."

"முதல்ல தட்டினது நான் சார். ஜெயிச்சுட்டாருன்னு தட்டினேன்."

 இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"அப்போ ஊதுபத்தி எங்க இருந்தான்?"

"சோதனை ஆரம்பிச்சதுலேர்ந்து என் பக்கத்துலதான். ஒயரைப் பிடிச்சுக்கிட்டு."

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அவள் திரும்பினாள். எம்.டி.யை நேராகப் பார்த்தாள்.

"ஊசி மேலே ஆடிக்கிட்டிருந்தப்பவே எம்.டி. எங்களைக் கூப்பிட்டாரு. 'எல்லாரும் வாங்க... இப்ப பாருங்க, இறங்கும்!'னாரு. சொல்லி வெச்ச மாதிரி இறங்கிச்சு. பம்பரம் எப்ப நிக்கும்னு அவரைக் கட்டிக்கிட்ட எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

எம்.டி. மறுபடி கர்ச்சீப்பை எடுத்தார். 

"சொல்லுங்க!" இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"நான்... நான் கொல்ல நினைக்கல! அசையாம இருந்தா போதும்னுதான்... அவன் ஆடுற ஆட்டத்துக்கு ஊசி இறங்கவே இறங்காது. சிப் விக்கலேன்னா கம்பெனியே இல்ல. சும்மா தூங்கட்டும்னுதான் நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெண்டு மாத்திரை போதாதோன்னு... கூடப் போட்டுட்டேன்..."

"அவருக்கு நெஞ்சு வீக்னு உங்களுக்குத் தெரியாதா?" அவள் அலறவில்லை. முணுமுணுத்தாள். "போன தடவை ஆஸ்பத்திரிக்கு நீங்கதானே கார் அனுப்புனீங்க..."

எம்.டி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊதுபத்தியின் தோளைப் பிடித்திருந்த போலீஸ்காரரின் கை, இடம் மாறி எம்.டி.யின் தோளில் விழுந்தது.

வேனில் பம்பரத்தை ஏற்றினார்கள். அவள் கண்ணாடி அறைக்குத் திரும்பி வந்தாள். காலி நாற்காலி. கேமரா இன்னும் விழித்திருந்தது.

அதன் முன்னால் நின்று, மெதுவாகக் கையை ஆட்டினாள்.

ஹாலில் ஊசி ஒரு துள்ளு துள்ளியது.

"அக்கா!" என்று ஊதுபத்தி விசும்பினான். "வாங்கக்கா... போலாம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகைக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு சிரிப்பு.

"கல்யாணமான நாள்லேர்ந்து, 'செத்த நேரம் சும்மா உட்காருங்க'ன்னு கத்தியிருக்கேன்டா. ஒரு நாள் கேட்டாரா? ஒரே ஒரு தடவை சும்மா உட்காந்தாரு... அதுலயும் கொலைகாரனைப் பிடிக்கிற வேலையைப் பாத்துட்டாரு பாரு!"