மேனுஜாவின் கடவுச்சொல்

என் கட்டுப்பற்கள் மீது சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு அப்ராவும் அவளுடைய கூட்டாளி மேனுஜாவும் கம்ப்யூட்டர் முன்னால் அழாத குறையாக இருந்தார்கள். மேனுஜா வரைந்த யானையைச் சித்திரப் போட்டி இணையத்தளத்துக்கு அனுப்ப வேண்டும். நாலு மணிக்குத் தளத்தை மூடிவிடுவார்கள். அதுவோ பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு உள்ளே விடும். அடுத்த பக்கத்துக்குப் போனதும், "நீ யார்?" என்று வாசலுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

"தட்டித் தட்டி விரல் வீங்கிப் போச்சு, அப்ரா."

"பொறு. நமக்குப் பதிலா கம்ப்யூட்டரே தட்டுற மாதிரி ஒரு ஸ்க்ரிப்ட் எழுதுறன். வாசல்ல ஒரு குக்கி தருவாங்க. ஆஸ்பத்திரி நம்பர் துண்டு மாதிரி. நம்மட கம்ப்யூட்டர் அதைத் துலைச்சிட்டுப் போகுது, அதான் பிரச்சினை."

'துண்டைப் பத்திரமாக வைத்திரு. எங்கே போகச் சொன்னாலும் போ' என்று அப்ரா எழுதினாள்.

அங்கேதான் பிழை.

தளம், "அந்தப் பக்கம் போ" என்றது. கம்ப்யூட்டர் போனது. "இந்தப் பக்கம் போ" என்றது. போனது. பிறகு யன்னலுக்கு வெளியே, 'மருதமுனை' என்று அம்புக்குறி போட்ட பலகை அதன் கண்ணில் பட்டது. மேசையை விட்டு இறங்கி, வயரை வால்போல இழுத்துக்கொண்டு, பிரதான வீதியால் நடக்கத் தொடங்கிவிட்டது!

"யா அல்லாஹ்!" என்றாள் அப்ரா.

"ஐயோ, என்ட யானை!" என்றாள் மேனுஜா.

யானை போகட்டும். கம்ப்யூட்டர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "பெயர் மேனுஜா! கடவுச்சொல் கேதீஸ்சேர்குறட்டை!" என்று கத்தியது.

அப்ரா திகைத்துப்போய் மேனுஜாவைப் பார்த்தாள். "ஏன் புள்ள இப்படி வெச்ச?"

"ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாது எண்டுதான்..."

கேதீஸ்வரன் சேர் மேனுஜாவின் வகுப்பாசிரியர். வீடு பாண்டிருப்பில், அதே வீதியில்.

இருவரும் ஒரே சைக்கிளில் பறந்தார்கள். நானும் பின்னால் ஓடினேன். வழியில் இரண்டு பஸ்களை முந்தினேன். அது வேறு கதை.

சேரின் கேற்றைக் கம்ப்யூட்டர் தட்டப்போகும் நேரம், அப்ரா பாய்ந்து அதைப் பிடித்தாள். நடு ரோட்டில் குந்தியிருந்து இரண்டு வரி எழுதினாள்: 'துண்டு தந்த தளத்தைத் தவிர வேறெங்கும் போகாதே. கடவுச்சொல்லை வேறு எவருக்கும் சொல்லாதே.'

கம்ப்யூட்டர் அப்படியே அடங்கியது. தளத்திடம் துண்டைக் காட்டியது. யானை உள்ளே போனது. 'படம் கிடைத்தது' என்று திரையில் விழுந்தபோது நாலுக்கு ஒரு நிமிடம் இருந்தது.

கதவு திறந்தது. சேரின் கன்னத்தில் தலையணை மடிப்பு.

"ஆர் என்ட பேரைச் சொல்லிக் கத்தினது?"

"நல்ல நித்திரையா, சேர்?" என்றாள் மேனுஜா.

"நித்திரையா? நான் எங்க நித்திரை கொண்டனான்?"

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: அன்று காலையிலிருந்து மஃரிப் தொழுகை வரை எங்கள் ஊர் முழுவதும் கரண்ட் இல்லை.